வானிலிருந்து வந்து பணயக்கைதிகளை மீட்கும் படம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எடுக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ வந்திறங்கி, பிடித்து வைக்கப்பட்டவர்களை மீட்டுக்கொண்டு பறக்கும் கதையைக் கைக்கு அடக்கமான செலவில் படமாக்க விரும்பும் குழுக்களுக்காக எழுதியது இது. பத்து நிமிடக் குறும்படமானாலும் ஒன்றரை மணி நேர இணையப் படமானாலும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். இடம், அனுமதி, பருவம் எல்லாம் இந்த இரண்டு மாவட்டங்களை வைத்தே சொல்லியிருக்கிறோம்.

ஹெலிகாப்டரே இல்லாமல் இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா?

முடியும். ஹெலிகாப்டர் வந்துவிட்டது என்று பார்ப்பவரை நம்ப வைப்பவை நான்கு: முதலில் தூரத்துச் சத்தம், அடுத்து காற்றும் புழுதியும், பிறகு தரையில் ஓடும் நிழல், கடைசியாகத்தான் இயந்திரம். முதல் மூன்றையும் சரியாகச் செய்துவிட்டால் நான்கு நிமிடக் காட்சியில் இயந்திரத்தை எட்டுப் பத்து விநாடி காட்டினால் போதும். அந்தப் பத்து விநாடியைக் கணினி வரைகலையில் நன்றாகச் செய்துவிடலாம். பெரும்பாலான சிறு குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கையிலிருக்கும் பணம் முழுவதையும் ஒரு மணி நேர ஹெலிகாப்டர் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, புழுதியே பறக்காத, யாருடைய சட்டையும் அசையாத காட்சிகளோடு எடிட்டிங் மேசைக்கு வருகின்றன.

கதைப் பலகையில் (ஸ்டோரிபோர்டில்) ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே “சத்தம், காற்று, நிழல், இயந்திரம்” என்று நான்கு கட்டம் போட்டு, எது தேவையோ அதை மட்டும் குறியுங்கள். இயந்திரக் கட்டத்தில் குறி ஐந்தைத் தாண்டினால் திரைக்கதையை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

இறக்கைக் காற்றை எப்படி உண்டாக்குவது? கல்யாண மண்டபத்து ஃபேன் போதுமா?

அருகாமைக் காட்சிக்கு, அதாவது முகமும் தோளும் மட்டும் தெரியும் ஷாட்டுக்கு, இரண்டு பெரிய பெடஸ்டல் ஃபேன் போதும். ஆள் முழுதாகத் தெரிந்தால் போதாது. நம் பக்கத்துக் களங்களில் ராகி, நெல் தூற்ற டிராக்டரில் பூட்டி ஓட்டுகிற தூற்றும் விசிறி இருக்கிறதே, அதுதான் இதற்கு ஏற்றது. இரண்டை V வடிவில், ஆட்களிலிருந்து 15 அடி தள்ளி வையுங்கள். முன்பக்கம் கம்பி வலை கட்டாயம் இருக்க வேண்டும். துப்பட்டா, வேட்டி நுனி, கயிறு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

காற்றின் திசையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஹெலிகாப்டர் காற்று மேலிருந்து இறங்கித் தரையில் மோதி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எல்லாத் திசையிலும் விரியும். ஒரே பக்கத்திலிருந்து அடித்தால் அது புயல்போலத்தான் தெரியும். எனவே இயந்திரம் இருப்பதாக நீங்கள் வைத்துக்கொண்ட புள்ளிக்கு முதுகைக் காட்டி விசிறிகளை வையுங்கள். காற்று அங்கிருந்து நடிகர்களை நோக்கி வரவேண்டும். செடிகொடிகளும் அதே திசையில் சாய வேண்டும். பின்னணியில் ஒரு வேப்பமரம் அசையாமல் நின்றால் எல்லாம் போயிற்று. மரக்கிளையில் மீன்பிடி நரம்பு கட்டி இரண்டு பேர் மறைவிலிருந்து ஆட்டலாம்.

புழுதிக்கு முல்தானி மிட்டியைப் பயன்படுத்துங்கள். செம்மண் நிறம் வேண்டுமானால் சலித்த செம்மண் கொஞ்சம் கலக்கலாம். சிமென்ட், சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். மைதா, அரிசி மாவு காற்றில் மிதக்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் வெடித்து எரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் மலைபோல் கிடக்கும் கல்தூள் பார்ப்பதற்கு அருமையான புழுதியாகத் தெரியும், இலவசமாகவும் கிடைக்கும். அதைத் தொடவே கூடாது. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, ஆறாத நோயை உண்டாக்கும். எந்தப் புழுதியானாலும் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் முகக்கவசம், கண்ணாடி. நடிகர்களுக்கு ஒவ்வொரு டேக்குக்கும் இடையே கண் கழுவத் தண்ணீர்.

ஒரு வேண்டுகோள். ஜனவரி, பிப்ரவரியில் சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகள் பூத்திருக்கும். தோப்போரம் விசிறி ஓட்டிப் புழுதி கிளப்பினால் பூ உதிரும், பூவில் தூசி படியும். ஒரு வருட வருமானம் அந்தப் பூவில் இருக்கிறது. வேறு இடம் பாருங்கள்.

சத்தத்தை எங்கிருந்து எடுப்பது?

இணையத்தில் கிடைக்கும் முதல் ஹெலிகாப்டர் சத்தத்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் துடிப்பு வேறு. விசிறி ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று, அதில் எத்தனை இதழ் என்பதைப் பெருக்கி 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று கிடைக்கும். நம் விமானப்படையின் மி-17-க்கு ஐந்து இதழ், நிமிடத்துக்குச் சுமார் 192 சுற்று. ஆக விநாடிக்கு 16 துடிப்பு. பழைய அமெரிக்க ஹியூயிக்கு இரண்டே இதழ். விநாடிக்குப் பதினொன்றுக்கு அருகில், ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும். வியட்நாம் போர்ப் படங்களில் கேட்டுப் பழகிய அந்த “டப் டப்” ஓசையை மி-17 படத்தின்மேல் போட்டால், விவரம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவருக்கும் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். சேத்தக்குக்கு மூன்று இதழ், பெங்களூரு எச்.ஏ.எல். தயாரிக்கும் துருவுக்கு நான்கு.

நேரில் பதிவு செய்ய நல்ல வாய்ப்பு, ஒற்றைப்படை ஆண்டுகளில் பெங்களூரு எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சி. விமானப்படையின் சாரங் சாகசக் குழு துருவ் ஹெலிகாப்டர்களில் பறப்பதைப் பொதுமக்கள் பார்க்கலாம். பதிவுக் கருவி கொண்டுபோகலாமா என்பதை நுழைவு விதிகளில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு ரோம உறை போட்டு, உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள்.

மிக்சிங்கில் ஒரு சிக்கல் வரும். 16 ஹெர்ட்ஸ் துடிப்பைச் சாதாரண ஸ்பீக்கர் தராது, காதும் அதை ஓசையாகக் கேட்காது. நாம் கேட்பது அதன் மேல் அடுக்குகளை. தியேட்டருக்கு 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலும், போனில் பார்ப்பவர்களுக்கு 150 முதல் 300 வரையிலும் தூக்கிவிட வேண்டும். போனில் ஒருமுறை போட்டுக் கேட்காமல் படத்தை வெளியே விடாதீர்கள்.

வசனத்துக்கும் இதில் பங்குண்டு. படப்பிடிப்புத் தளத்தில் சத்தம் இருக்காது என்பதால் நடிகர்கள் சாதாரணக் குரலில் பேசிவிடுவார்கள். பிறகு டப்பிங்கில் கத்தினாலும் கழுத்து நரம்பும் வாயசைவும் ஒத்துவராது. ஒத்திகையில் பெரிய ஸ்பீக்கரில் சத்தத்தை ஓடவிட்டு, அதை மீறிக் கத்திப் பேசப் பழக்குங்கள். டேக்கில் அதே சத்தத்தைக் காதுக்குள் சிறிய இயர்போனில் கொடுங்கள்.

வரைகலையில் செய்த விசிறி ஏன் பொம்மைபோல் தெரிகிறது?

ஷட்டர் கணக்கு பொருந்தாததால். மி-17 விசிறி விநாடிக்கு 3.2 சுற்று, அதாவது 1,152 பாகை திரும்புகிறது. உங்கள் கேமரா 1/50 விநாடி ஷட்டரில் இருந்தால் ஒரு ஃபிரேமுக்குள் இதழ் 23 பாகை நகர்ந்து மங்கலாகத் தெரிய வேண்டும். 1/1000-ல் எடுத்திருந்தால் ஒரு பாகைதான். இதழ் உறைந்து நிற்கும். வரைகலை செய்பவரிடம் ஷட்டர் வேகத்தைச் சொல்லாமல் காட்சியைக் கொடுத்தால் அவர் ஊகித்துத்தான் போடுவார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் லென்ஸ், ஷட்டர், கேமராவின் உயரம், சூரியன் இருந்த திசை ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள்.

நிழலைத் தளத்திலேயே செய்யலாம். விளக்குக்கு முன்னால் பிளைவுட் இதழ் பூட்டிய சிறு மோட்டாரைச் சுற்றவிட்டால் முகத்தில் ஒளி வெட்டி வெட்டி விழும். 16 வெட்டு வரை போக வேண்டாம். 24 ஃபிரேமில் அது ஒழுங்கற்ற படபடப்பாகத் தெரியும். விநாடிக்கு 6 அல்லது 8 வெட்டு கண்ணுக்கு நன்றாக இருக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தளத்தில் இருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

கயிற்றில் சறுக்கி இறங்கும் காட்சியை நாங்களே எடுக்கலாமா?

சண்டைப் பயிற்சியாளரோ பயிற்சி பெற்ற கயிறு நிபுணரோ இல்லாமல் எடுக்க வேண்டாம். இதில் எங்களுக்கு வேறு கருத்தே இல்லை.

முதலில் இரண்டு முறைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கமாண்டோக்கள் “ஸ்லிதரிங்” என்று சொல்வதில் இடுப்புப் பட்டையோ கொக்கியோ கிடையாது. சுமார் 40 மில்லிமீட்டர் தடிமனான பின்னல் கயிற்றைத் தடித்த கையுறையோடு பிடித்து, பூட்ஸால் கவ்விச் சறுக்கி வருவார்கள். வேகம்தான் அதன் பலன். பிடி விட்டால் விழ வேண்டியதுதான். “ராப்பெல்லிங்” என்பது இடுப்புப் பட்டை கட்டி, எட்டு வடிவ இறங்கு கருவி வழியாக மெல்லிய கயிற்றில் இறங்குவது. படத்தில் முதல் முறையைக் காட்டிவிட்டு, எடுக்கும்போது சட்டைக்குள் இடுப்புப் பட்டை அணிந்து தனியாக ஒரு பாதுகாப்புக் கயிற்றில் இணைத்திருப்பதுதான் சரி.

பாதுகாப்புக் கயிறு 11 மில்லிமீட்டர் ஸ்டாடிக் கெர்ன்மேண்டில் (உள்ளிழைமேல் பின்னல் உறை போட்ட, அதிகம் நீளாத கயிறு) ஆக இருக்கட்டும். கொக்கிகளில் குறைந்தது 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருக்க வேண்டும். கிணற்றுக் கயிறு, போர்வெல் மோட்டார் இறக்கும் நைலான் கயிறு, லாரிக் கயிறு எதிலும் ஆளைத் தொங்கவிடக் கூடாது. அவை சுமைக்கானவை, உராய்வின் சூட்டையும் திடீர் இழுப்பையும் தாங்கும் என்று நம்ப முடியாது. கயிற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் கட்டுங்கள். பாறை விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயைப் பிளந்து மாட்டுங்கள், கிடைக்காவிட்டால் நான்காக மடித்த சாக்கு. நம் ஊர்க் கருங்கல் விளிம்பு கத்திபோல் அறுக்கும்.

உயரம் 12 அடி போதும். மேலிருந்து குதிப்பது ஒரு ஷாட், கயிற்றில் நடுவில் இருப்பது ஒரு ஷாட், தரையில் கால் படுவது ஒரு ஷாட் என்று மூன்றாக எடுத்துத் தாழ்ந்த கோணத்தில் வைத்தால் 60 அடியாகத் தெரியும். ஜே.சி.பி. வாளியில் ஆளை ஏற்றி அங்கிருந்து கயிறு விடும் பழக்கம் பரவியிருக்கிறது. ஹைட்ராலிக் குழாய் ஒன்று விட்டுப்போனால் வாளி அப்படியே இறங்கும். வேண்டவே வேண்டாம்.

யாரையும் பட்டையில் அசையாமல் தொங்கவிட்டு விளக்கைச் சரிசெய்துகொண்டிருக்காதீர்கள். தொடைப் பட்டை இறுகி, ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். காத்திருக்க வேண்டுமானால் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

ட்ரோன் விதிகள் என்ன?

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரை நானோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய வகை. நானோவுக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட்டால் தேவையில்லை. வருமானத்துக்கான படப்பிடிப்பு என்றால் தேவை. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடியாகக் குறையும். ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப்புறம் பெங்களூரு விமான நிலையங்கள். அந்தப் பகுதியில் எடுப்பவர்கள் அன்று காலையே டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மண்டலங்கள் மாறும்.

பச்சை மண்டலம் என்பது வான்வெளிக்கு மட்டும்தான். கீழே இருப்பது அணையென்றால் நீர்வளத் துறை, காடென்றால் வனத்துறை, கோட்டையென்றால் தொல்லியல் துறை அனுமதி தனியாக வேண்டும்.

ட்ரோனை ஹெலிகாப்டர் பார்வைபோல் காட்டுவது எப்படி?

ட்ரோன் கேமரா எப்போதும் சமமாக நிற்கும்; அதனால்தான் அது மிதப்பதுபோல் தெரிகிறது. ஹெலிகாப்டர் வேகமெடுக்கும்போது மூக்கு கீழே சாயும், திரும்பும்போது அடிவானம் சரியும். எடிட்டிங்கில் அடிவானத்தை 5 முதல் 8 பாகை சாய்த்து, திருப்பம் முடியும்போது மெதுவாக நிமிர்த்துங்கள். உயரப் பறந்தால் வேகம் தெரியாது. 8 மீட்டர் உயரத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர், 100 மீட்டர் உயரத்தில் பறப்பதைவிடப் பல மடங்கு வேகமாகத் தெரியும். வெயிலில் 1/50 ஷட்டர் கிடைக்க வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. 16 அல்லது 32 வடிகட்டி வேண்டும்.

ஒகேனக்கல் பள்ளத்தாக்கில் பாறைச் சுவர் ஜி.பி.எஸ். சிக்னலை மறைக்கும். ஓடும் தண்ணீர் ட்ரோனின் கீழ்நோக்கிய உணரியைக் குழப்பி அதை மெல்ல இறங்கவைக்கும். பருந்து தாக்கும். மூன்றையும் எதிர்பார்த்தே பறக்கவிடுங்கள். பேட்டரி 30 சதவீதத்தில் திரும்பி வந்துவிட வேண்டும்.

எந்த இடங்கள் பொருத்தம்?

எதிரியின் கோட்டைக்குக் கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மலைகள் தோற்றத்திலேயே கதை சொல்லும். 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ராயக்கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டைமீது இரவில் நடத்திய தாக்குதலோ தோற்றது. மேலே ஏறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் கதையில் “தரைவழி முடியாது, வான்வழிதான்” என்று ஒரு பாத்திரம் சொல்ல வேண்டுமானால் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே சொல்லட்டும். கோட்டைச் சுவரில் ஆணி, பெயின்ட், புகை எதுவும் கூடாது.

மி-17 விசிறியின் விட்டம் 21 மீட்டருக்கு மேல். அது இறங்குவதாகக் காட்டும் இடம் குறைந்தது 50 மீட்டர் சதுரமாவது திறந்தவெளியாக இருக்க வேண்டும். மின்கம்பி குறுக்கே போகக் கூடாது. வரைகலைதானே என்று தென்னந்தோப்பு நடுவில் இறக்கினால் நம்ப மாட்டார்கள். கோடையில் நீர் வற்றிய ஏரிப் படுகைகள் இதற்கு நன்றாக அமையும். கதை எங்கே நடப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி காடுகள் அழகானவை. ஆனால் ராகி அறுவடைப் பருவத்தில், அக்டோபருக்குப் பிறகு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வரும். இரவுப் படப்பிடிப்பு, வெடிச்சத்தம், தேடுவிளக்கு மூன்றும் அங்கே உயிருக்கு ஆபத்து, யானைக்கும் சேர்த்து. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் எடுப்பதற்கு வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தொப்பூர் கணவாய்ச் சாலையில் துரத்தல் காட்சி எடுக்க எல்லோருக்கும் ஆசை வருகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் விபத்து நடந்துகொண்டே இருக்கும் நெடுஞ்சாலை அது. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஒகேனக்கல்லில் பரிசல் காட்சி?

நீர்வரத்தைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். கர்நாடக அணைகளில் திறக்கும் நீரைப் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடும். எங்கே மழை பெய்தாலும் உங்கள் படப்பிடிப்பு நிற்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மாற்று நாள் இல்லாமல் போகாதீர்கள். பரிசலை ஓட்டுபவர் உள்ளூர்ப் பரிசல்காரராகவே இருக்கட்டும், நடிகர் துடுப்பைப் பிடிப்பதுபோல் மட்டும் காட்டுங்கள். மிதவைச் சட்டையை உடைக்குள் மறைத்து அணியலாம், கழற்றக் கூடாது. அருவி இரைச்சலில் நேரடி ஒலிப்பதிவு நடக்காது, வசனம் முழுவதும் டப்பிங்தான்.

துப்பாக்கி?

மரம் அல்லது ஃபைபரில் செய்த பொய்த்துப்பாக்கி மட்டும். சுடும் ஒளியை எடிட்டிங்கில் சேருங்கள். ஒரே ஒரு ஃபிரேம் போதும், இரண்டு வைத்தால் பட்டாசுபோல் இருக்கும். அதே ஃபிரேமில் முகத்திலும் பக்கத்துச் சுவரிலும் வெளிச்சம் பட வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 170 மீட்டர் தொலைவில் சுடுபவரைப் பார்த்தால் சத்தம் அரை விநாடி, 12 ஃபிரேம் தள்ளி வர வேண்டும். தூரத்தை உணர்த்த இதைவிட மலிவான வழி இல்லை.

உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பொய்த்துப்பாக்கிகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதிக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். ஊர்க்காரர்களுக்கும் முந்தின நாளே சொல்லுங்கள். முகமூடியும் துப்பாக்கியுமாக நான்கு பேர் வேனிலிருந்து இறங்கினால் யாருக்கும் பதறத்தான் செய்யும். ஷாட் முடிந்ததும் ஒருவர் எண்ணி வாங்கிப் பெட்டியில் பூட்ட வேண்டும். டீக்கடைக்கு யாரும் கையோடு எடுத்துப் போகக் கூடாது. சீருடையோடும் போகக் கூடாது. உண்மையான படைப்பிரிவின் சின்னங்களை அணியாமல், கற்பனைப் பிரிவுக்கென்று ஒரு சீருடை வடிவமைத்துக்கொள்வதே நல்லது.

விமானத்தின் உட்புறத்தை எப்படி அமைப்பது?

போயிங் 737-ஐ அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உள் அகலம் 3.54 மீட்டர், நடுவழி 20 அங்குலம், பக்கத்துக்கு மூன்று இருக்கை. வரிசைக்கு வரிசை 31 அங்குலம். ஆறு வரிசை போட்டால் நீளம் பதினைந்தரை அடி, ஆக 16 அடிக்கு 12 அடியில் செட் முடிந்துவிடும். ஜன்னல்கள் 20 அங்குலத்துக்கு ஒன்று வரும். இருக்கையோடு அவை ஒத்துப்போவதில்லை என்பதையும் அப்படியே வையுங்கள், உண்மையாக இருக்கும். வளைவுக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் விலா எலும்புபோல் அறுத்து, மேலே மெல்லிய வினைல். ஒரு பக்கச் சுவரைக் கழற்றி மாட்டும்படி செய்யாவிட்டால் கேமராவுக்கு இடமிருக்காது.

ஓசூரில் வாடகைக்குக் கிடைக்கும் தொழிற்கூடக் கொட்டகைகள் இதற்கு வசதி. தகரக் கூரையில் மழை பெய்தால் மட்டும் ஒலிப்பதிவை நிறுத்த வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டி அளவுக்கு மீறி வெளிச்சம் கொடுங்கள். விமானம் திரும்புவதைக் காட்ட, விளக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்தினால் போதும்.

திரைக்கதைக்கு உண்மைச் சம்பவங்களில் எதைப் படிக்கலாம்?

ஐந்தைப் பாருங்கள்.

1976 ஜூன் 27-ல் கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானம் உகாண்டாவின் என்டபேக்குக் கொண்டுபோகப்பட்டது. ஜூலை 3 நள்ளிரவை ஒட்டி நான்கு ஹெர்குலிஸ் விமானங்களில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்துபோய் இஸ்ரேலியப் படை 102 பேரை மீட்டது. படைத்தலைவர் யோனதான் நெதன்யாகு கொல்லப்பட்டார். பிணையாளிகளில் மூவர் மோதலில் இறந்தனர். மருத்துவமனையில் இருந்த மூதாட்டி பிறகு கொல்லப்பட்டார். 1977 முடிவதற்குள் மூன்று படங்கள் வந்துவிட்டன. எழுத்தாளருக்கு இதில் பயன்படுவது சண்டையைவிட அதற்கு முந்தைய தயாரிப்பு: முன்பே விடுவிக்கப்பட்ட பயணிகளிடம் கேட்டுக் கட்டடத்தின் அமைப்பை அறிந்தது, காவலர்களை ஏமாற்ற அதிபரின் காரைப்போல் ஒரு கறுப்பு மெர்சிடிஸை விமானத்திலேயே கொண்டுபோனது. வழியில் காவலர் தடுத்ததும் துப்பாக்கி வெடித்தது. ரகசியம் கலைந்த பிறகு ஓட்டம்தான். அந்தச் சில விநாடியில் ஒரு முழுக் காட்சி இருக்கிறது.

1977 அக்டோபர் 18-ல் சோமாலியாவின் மொகடிஷுவில், கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்துக்குள் ஜெர்மன் படை ஏணி வைத்துக் கதவு வழியாகவும் இறக்கைமேல் உள்ள அவசர வழியாகவும் நுழைந்தது. விமானத்தின் பின்பக்கம் உள்ளிருப்பவர்களுக்குத் தெரியாத குருட்டுப் பகுதி என்பதால் அங்கிருந்தே அணுகினார்கள்.

1993 ஏப்ரலில் டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் 427 கடத்தப்பட்டு அமிர்தசரஸில் நின்றது. 25-ஆம் தேதி பின்னிரவில் தேசிய பாதுகாப்புப் படை உள்ளே புகுந்து 141 பேரையும் உயிரோடு மீட்டது. நம் நாட்டுச் சம்பவம். இதற்கு இன்னும் நல்ல படம் வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

தோல்விக்கு 1980 ஏப்ரல் 24. ஈரானில் பிணையாக இருந்த அமெரிக்கர்களை மீட்க எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. குறைந்தது ஆறு வேண்டும் என்பது திட்டம். புழுதி மண்டலமும் பழுதுகளும் சேர்ந்து ஐந்தாக்கிவிட்டன, பணி கைவிடப்பட்டது. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் நின்றிருந்த விமானத்தில் மோதி எட்டு வீரர்கள் இறந்தார்கள். எதிரிப் படையோடு ஒரு மோதலும் இல்லாமலே எல்லாம் முடிந்துபோன சம்பவம். “ஆறு வேண்டும், ஐந்து இருக்கிறது” என்ற ஒரு கணக்கு எந்தக் குண்டுவெடிப்பையும்விடப் பதற்றம் தரும். உங்கள் கதையிலும் இப்படி ஓர் எண்ணை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: எரிபொருள் எத்தனை நிமிடம், கயிறு எத்தனை, இருக்கை எத்தனை. பிறகு அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

2008 நவம்பர் 28 காலையில் மும்பை நரிமன் ஹவுஸ் மாடியில் கமாண்டோக்கள் மி-17-லிருந்து இறங்கியதை நாடே தொலைக்காட்சி நேரலையில் பார்த்தது. உள்ளே இருந்தவர்களை ஏவியவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடியிருந்த கூட்டம், மொட்டைமாடிகளில் நின்றவர்கள், கேமராக்கள் இவற்றையும் உங்கள் கதைக்குள் கொண்டுவர முடியும். அங்கே உயிர்விட்ட வீரர், பிணையாளிகள் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த நினைவோடு எழுதுங்கள்.

பறக்கும் காட்சிகளில் அடிக்கடி வரும் பிழைகள்?

பறக்கும் விமானத்தின் கதவைக் கையால் திறப்பது. உயரத்தில் உள்ளழுத்தம் வெளியைவிடச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு கூடுதல். முழுக் கதவின்மேல் அது எட்டு டன்னுக்கு மேல் வரும். யாராலும் திறக்க முடியாது.

ஒரு குண்டு துளைத்ததும் ஆட்கள் உறிஞ்சப்பட்டு வெளியே போவது. சிறு துளை ஓசையெழுப்பும், அவ்வளவுதான். 1988-ல் அலோஹா 243 விமானத்தின் கூரையில் ஒரு பெரும் பகுதியே பிய்ந்து, பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஆனாலும் விமானம் தரையிறங்கியது.

35,000 அடியில் ஆக்சிஜன் முகமூடி இல்லாமல் நீளமான வசனம். அந்த உயரத்தில் தெளிவான நினைவு 30 முதல் 60 விநாடிதான்.

ஹெலிகாப்டரின் வால் பக்கமாக ஓடி ஏறுவது. வால் விசிறி ஆளைக் கொன்றுவிடும். விமானி கண்ணில் படும்படி முன்பக்கவாட்டிலிருந்து குனிந்து வர வேண்டும். மீட்கப்பட்டவர்களைத் தோளைப் பிடித்து வரிசையாக அழைத்து வரும் வீரரைக் காட்டினால் அந்த ஒரு ஷாட்டிலேயே குழு விவரமறிந்தது என்று தெரிந்துவிடும்.

தணிக்கைச் சான்று வேண்டுமா?

திரையரங்கில் போட வேண்டும் என்றால் வேண்டும். இப்போது யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கழுத்தில் கத்தி, குழந்தையைப் பிணையாக்குவது போன்ற காட்சிகள் வயதை மேலே தள்ளும். யூடியூபுக்கு இந்தச் சான்று தேவையில்லை.

முதல் நாள் தளத்தில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் மலைப்பாதை என்பதால் வரைபடம் காட்டும் நேரத்தை நம்ப முடியாது. போன் சிக்னல் இல்லாத இடமென்றால் சிக்னல் கிடைக்கும் இடத்தில் 108-ஐ அழைக்க ஓர் ஆளும் வண்டியும். அந்த வண்டி சாமான் வாங்கப் போகக் கூடாது. தீயணைப்புக் கருவி இரண்டு, முதலுதவிப் பெட்டி, கயிறு அறுக்கக் கத்தி ஒன்று. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் கருங்கல் பாறை காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கும், பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை பாறைமேல் வேலை வைக்காதீர்கள்.

“நிறுத்து” என்று சொல்லும் உரிமை இயக்குநருக்கு மட்டுமில்லாமல் கயிறு பிடிப்பவர், விசிறி ஓட்டுபவர், ட்ரோன் ஓட்டுபவர் மூவருக்கும் இருக்க வேண்டும். விசிறிச் சத்தத்தில் குரல் கேட்காது. அதனால் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல் வைத்தால் எல்லாம் நிற்க வேண்டும் என்பதைக் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து மூன்று முறை செய்து பாருங்கள்.